ஹைட்ரோஜெல் பொடி: சேலம் மாடித்தோட்டத்துக்கு வாங்கலாமா?

மண்ணில் கலந்தால் தண்ணீரை உறிஞ்சி வைத்துச் செடிக்குக் கொடுப்பது ஹைட்ரோஜெல் பொடி. தன் எடையைப்போல் 400 மடங்கு தண்ணீர் பிடிக்கும் என்று பாக்கெட்டில் போட்டிருப்பது பொய்யில்லை. ஆனால் அது காய்ச்சி வடித்த தண்ணீருக்கான கணக்கு. இங்கே பலரும் தொட்டிக்கு ஊற்றுவது போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். வெள்ளைக்கல் (மெக்னீசியம் உள்ள மேக்னசைட்) வெட்டியெடுக்கிற ஊரில் தண்ணீர் கடினமாகத்தான் இருக்கும்.

வாங்கியதும் இரண்டு கண்ணாடி டம்ளரில் 250 மில்லி வீதம் மழைத் தண்ணீரும் போர் தண்ணீரும் எடுத்து, ஒவ்வொன்றிலும் 1 கிராம், அதாவது கால் டீஸ்பூன் பொடி போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சாய்த்துப் பாருங்கள். முதல் டம்ளரில் மொத்தமும் கொழகொழவென்று உறைந்திருக்கும். இரண்டாவதில் ஜெல் அடியில் கிடக்க, மேலே தண்ணீர் தனியாக நிற்கும். கால்சியமும் மெக்னீசியமும் ஜெல்லின் இழைகளை ஒன்றோடொன்று கட்டிவிடுகின்றன, வலை விரிவதில்லை. பிறகு நல்ல தண்ணீர் ஊற்றினாலும் பழைய அளவுக்கு ஊறாது. செடி பச்சையாகட்டும் என்று எப்சம் உப்பை (மெக்னீசியம் சல்பேட்) கரைத்து ஊற்றினாலும் இதே கதிதான்.

மேட்டூர் அணையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் தாராளமாக வாங்கலாம். 12 அங்குலத் தொட்டிக்கு 15 கிராம் போதும். 3 லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வேர் போகிற ஆழத்து மண்ணில் கலந்து, மேலே 2 அங்குலம் வெறும் மண் போடுங்கள். வெயில் பட்டால் ஜெல் சிதைந்துவிடும். உலர்ந்த பொடியை அள்ளிப் போட்டால் முதல் மழையில் மண் உப்பி, நாற்று வேரோடு மேலே வந்து நிற்கும். ஐப்பசி அடைமழையிலோ காற்றுப் போக இடமில்லாமல் வேர் அழுகும்.

போர் தண்ணீர்தான் என்றால் அந்தக் காசுக்குக் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) வாங்குங்கள். 5 கிலோ கட்டி ஊறினால் 60 லிட்டருக்கு மேல் வரும். உப்பு போக இரண்டு மூன்று முறை அலசி, மண் கலவையில் மூன்றில் ஒரு பங்கு சேர்த்து, மேலே சருகு மூடாக்குப் போட்டால் சித்திரை வெயிலையும் சமாளிக்கலாம்.

ஏற்காட்டில் இரண்டுமே பெரிதாகத் தேவைப்படாது. அங்கே கவலை வடிகால்தான்.

கலர் மணிகளாக விற்பது அலங்காரத்துக்கானது, மண்ணுக்கு வேண்டாம். காய்ந்த நிலையில் அசல் ஜவ்வரிசி மாதிரியே இருக்கும். குழந்தை விழுங்கினால் குடலில் ஊதி அடைத்துக்கொள்ளும்.