இயர் பிளக் வாங்கினோம், பரிசும் வாங்கினோம்

பொருள்: நுரைப்பஞ்சு இயர் பிளக். நிறம் ஆரஞ்சு. ஒரு பாக்கெட்டில் ஐந்து ஜோடி.

இரவு விருந்து, கொண்டாட்டம் என்றால் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஆகாது. 22 வருடமாகச் சாக்கு சொல்லியே ஓட்டினோம். "பிள்ளைக்குக் காய்ச்சல்" என்பது பிள்ளை கல்லூரிக்குப் போனதும் செல்லாக்காசாகிவிட்டது. போன டிசம்பர் 31 அன்று இவருடைய அலுவலக விருந்தில் மாட்டிக்கொண்டோம். இரவு ஒன்பது மணிக்கே போனை நீட்டினார். "இங்கே பாரும்மா, கிரிபாட்டி தீவில் புத்தாண்டு பிறந்து எவ்வளவோ நேரமாச்சு. கிளம்பலாமா?" ஒரு நாள் முடிந்து அடுத்த நாள் தொடங்கும் எல்லையான தேதிக்கோட்டையே 1995-ல் கிழக்கே தள்ளி வைத்துக்கொண்ட நாடாம் அது. விருந்திலிருந்து சீக்கிரம் வீட்டுக்குப் போக நினைத்த புருஷன் எவனோ கொடுத்த யோசனையாகத்தான் இருக்கும் என்பது இவர் கட்சி.

எங்கள் மேசை ஸ்பீக்கருக்கு நேர் எதிரே. போனில் அளந்தால் 97 டெசிபல். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும் என்பது தொழிற்சாலைகளுக்குச் சொல்லும் கணக்கு. அப்படிப் பார்த்தால் எங்களுக்கு அரை மணி. நாங்கள் அங்கே ஐந்து மணி நேரம் இருந்தோம்.

நல்லவேளை, கைப்பையில் இந்த இயர் பிளக் இருந்தது. விரலால் உருட்டி மெல்லிசாக்கி, இன்னொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே செருகி, அரை நிமிடம் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். பஞ்சு ஊதிக்கொண்டு துவாரத்தை அடைக்கும். அட்டையில் 32 டெசிபல் குறையும் என்று போட்டிருக்கிறது. அது சோதனைக்கூடத்துக் கணக்கு. அரைகுறையாகச் செருகினால் அதில் பாதிகூடத் தேறாது. இவர் சும்மா ஒட்டவைத்தாற்போல் வைத்துக்கொண்டு "வேலை செய்யலையே" என்றார். நான்தான் மேசைக்கடியில் குனியவைத்துச் சரிசெய்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஒரு குறை உண்டு. அடைத்துக்கொண்டால் நம் குரல் நமக்கே பானைக்குள் பேசுவதுபோல் கேட்கும். மெல்வது மாவு மில் ஓடுவதுபோல் இருக்கும். அதனால் குரல் தானாக இறங்கிவிடுகிறது. இவர் ஏதோ முணுமுணுக்க, நான் தலையாட்ட, இரண்டு மணி நேரம் சண்டையே இல்லை. அது குறையா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அப்புறம்தான் வந்தது வினை. சிறந்த ஜோடிப் போட்டியாம். பக்கத்து மேசைக்காரர்கள் எங்களைத் தள்ளிக்கொண்டுபோய் மேடையில் முதுகோடு முதுகாக உட்காரவைத்தார்கள். கையில் இரண்டு அட்டை: "கணவன்", "மனைவி". கேள்விக்கு ஏற்ற அட்டையைத் தூக்க வேண்டும். அத்தனை பேர் முன்னால் காதிலிருந்து ஆரஞ்சுப் பஞ்சை உருவ எனக்கு வெட்கம், இவருக்கு மறதி. தொகுப்பாளரின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. வீட்டில் எது நடந்தாலும் பழி என் தலையில்தானே விழும் என்று ஒவ்வொரு தடவையும் "மனைவி"யையே தூக்கினேன். இவரும் அதையேதான் தூக்கியிருக்கிறார். ஏழுக்கு ஏழு! முதல் பரிசு.

கேட்ட கேள்விகளைப் பிறகுதான் ஒரு தோழி சொன்னாள். நாலாவது, "தூக்கத்தில் குறட்டை விடுவது யார்?" கட்டில் அதிரக் குறட்டை விடுகிறவர் என் பின்னால் கூசாமல் "மனைவி"யைத் தூக்கியிருக்கிறார். கேள்வி காதில் விழவில்லை என்று இன்றுவரை சாதிக்கிறார். நானும் அதையேதான் தூக்கினேன் என்பதால் மேற்கொண்டு எதுவும் பேச முடியவில்லை.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். நிறத்துக்காக ஒன்று குறைத்தேன்; நான் முடியை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டேன், இவருக்கு அந்த வசதி கிடையாது.

பரிசுக் கவரை வீட்டுக்கு வந்துதான் பிரித்தோம். அதே விருந்துக்கு அடுத்த வருடத்துக்கான இரண்டு சீட்டு. பாக்கெட்டில் இன்னும் மூன்று ஜோடி இருக்கிறது.