செகாம்புட் பம்ப் கடை: பழைய ரயில்கார் எஞ்சினுக்குக் கிடைத்த சேவை

கோலாலம்பூரில் டீசல் பம்பும், டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரும் பழுதுபார்க்கும் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால், ஓய்வுபெற்ற ரயில்கார் (சொந்த எஞ்சினோடு ஓடும் ரயில் பெட்டி) ஒன்றின் எஞ்சினிலிருந்து கழற்றிய ஆறு சிலிண்டர் இன்லைன் பம்பை (சிலிண்டருக்கு ஒன்றாக வரிசையில் நிற்கும் உறுப்புகளால் டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்) சாக்கில் சுற்றிக் கொண்டுபோய் நின்றால், பெரும்பாலான இடங்களில் அதைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே கைவிரித்துவிடுகிறார்கள். சாமான் கிடைக்காது என்பார்கள். கிடைத்தாலும் கட்டுப்படியாகாது என்பார்கள். சற்றுத் தாராளமானவர்கள், ஹாப்கட் கடையில் (வெட்டிக் கொண்டுவந்த பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் கடை) ஒரு ஜப்பானிய லாரி எஞ்சினை வாங்கி மாட்டிவிடுங்கள் என்று யோசனை சொல்வார்கள். வண்டி நகர்ந்தால் போதும் என்பவருக்கு அது நல்ல யோசனைதான். வண்டியை அதன் சொந்த எஞ்சினோடு காப்பாற்ற வேண்டும் என்று விடுமுறை நாள்களைச் செலவழிக்கும் எங்களைப் போன்ற தன்னார்வலர்களுக்கு அது எந்த வகையிலும் உதவாது.

செகாம்புட் தொழிற்பேட்டையின் பின்வரிசையில் இருக்கும் இந்தக் கடையை எங்களுக்குக் காட்டியவர், செந்தூல் ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற அங்கிள் ஒருவர். கடைக்காரர் ஓர் உதவியாளரை வைத்துக்கொண்டு வேலை செய்கிறார். இருக்கிற வேலையே முடியவில்லை, பெயரை எழுதிவிடாதீர்கள் என்று அவரே கேட்டுக்கொண்டதால் பெயரை விட்டுவிடுகிறேன். அந்த வட்டாரத்தில் ‘பழைய பம்ப் கடை’ என்று கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள். இதே வேலையைச் செய்யும் வேறு கடைக்குப் போகிறவர்களும் எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்த மதிப்புரை பயன்படக்கூடும்.

இத்தகைய கடைகள் அருகிப்போனதற்குக் காரணம் எளிது. பாஷ் நிறுவனம் 1927இல் தொடர் உற்பத்தியைத் தொடங்கிய இன்லைன் பம்ப், ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் லாரி, பேருந்து, படகு, ரயில்கார் என எல்லாவற்றையும் ஓட்டியது. பிறகு, ஒரே பொதுக் குழாயில் உயர் அழுத்தத்தில் டீசலைத் தேக்கி எல்லா இன்ஜெக்டர்களுக்கும் கொடுக்கும் காமன் ரெயில் முறை வந்தது. பழைய நேரடி உட்செலுத்தல் எஞ்சின்களில் இன்ஜெக்டர் ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் திறந்துகொள்ளும். காமன் ரெயிலில் அழுத்தம் 2000 பாரையும் தாண்டுகிறது. புதிய முறைக்கான கணினிச் சோதனை இயந்திரங்களை வாங்கிய கடைகள், இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பம்பைச் சுழற்றி அளக்கும் பழைய டெஸ்ட் பெஞ்சைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டன. இந்தக் கடையில் அது இன்னும் இருக்கிறது, தினமும் ஓடுகிறது. உள்ளே நுழைந்தவுடன் முதலில் அதைத் தேடிப் பாருங்கள். அது இல்லாத கடையில் இன்லைன் பம்பைக் கொடுத்தால், கழுவி, ரப்பர் வளையங்களை மாற்றித் திருப்பிக் கொடுப்பார்களே தவிர அளந்து தரமாட்டார்கள்.

பம்பை மேசைமேல் வைத்ததும் எங்களில் ஒருவர் டீசலை ஊற்றித் துடைக்கப் போனார். “தம்பி, கழுவாதீங்க. வந்த மாதிரியே பெஞ்சில ஏத்தி முதல்ல அளந்துருவோம்,” என்றார் கடைக்காரர். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தக் கடைக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். கழுவிப் பிரித்துவிட்டால், அந்த எஞ்சின் கடைசியாக எப்படி ஓடியது, எந்தச் சிலிண்டர் பட்டினி கிடந்தது, யாராவது எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் திருகைத் திருகிவிட்டு வேகத்தைக் கூட்டினார்களா என்பவையெல்லாம் அழிந்துபோகும். பழைய வண்டியைப் பேணுகிறவருக்குப் பழுதும் ஓர் ஆவணம் என்பதை எங்களுக்குச் சொல்லித்தராமலேயே புரிந்து வைத்திருக்கிற மெக்கானிக்கைப் பார்ப்பது அபூர்வம்.

ஆனால் ஏற்றுவதற்கு முன் அவர் ரேக்கை விரலால் தள்ளிப் பார்த்தார்; அது அசையவில்லை. ரயில்கார் ஆண்டுக்கணக்கில் சும்மா நின்றால் முதலில் இறுகுவது இதுதான். டீசலை அழுத்தும் தண்டுகளான பிளஞ்சர்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருப்பி, ஒவ்வோர் அடிக்கும் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பல் சட்டம் அது. முழு அளவில் இறுகிக்கிடக்கும் ரேக்கோடு எஞ்சினை முடுக்கிவிட்டால், கவர்னரால் அதை இழுத்துப் பிடிக்க முடியாது. எஞ்சின் தன்போக்கில் வேகமெடுத்து உடைந்தே போகலாம். நெடுநாள் நின்ற எஞ்சினை முதன்முறை ஓட்டும்போது காற்றுக் குழாயின் வாயை அடைப்பதற்குப் பலகையோடு ஒருவரை நிறுத்திவைப்பது இதற்காகத்தான். கடைக்காரர் சுத்தியலைத் தொடவில்லை. ஊறவைக்கும் எண்ணெயை ஊற்றி ஓரமாக வைத்துவிட்டு, நாங்கள் மறுபடி போனபோது ரேக் இரண்டு பக்கமும் தடையின்றி ஓடுவதைக் காட்டிய பிறகே பெஞ்சில் ஏற்றினார்.

பெஞ்சில் ஏற்றிய பிறகு நடப்பது எவரும் புரிந்துகொள்ளக்கூடிய காட்சி. மின்மோட்டார் பம்பைச் சுழற்றுகிறது. ஆறு குழாய்களிலிருந்து வரும் சோதனை எண்ணெய், அளவுக்கோடு போட்ட ஆறு கண்ணாடிக் குழல்களில் விழுகிறது. குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அடிகள் முடிந்ததும் மோட்டார் நிற்கிறது. நான்கு குழல்களில் எண்ணெய் ஒரே மட்டத்தில் நின்றது. இரண்டில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பக்கத்துப் பக்கத்து உறுப்புகள் இரண்டும் ஒரேபோல் தேய்ந்திருக்க வாய்ப்பில்லை, தண்ணீர் தங்கியிருக்கும் என்றார். பிரித்தபோது அப்படியே இருந்தது: அந்த இரண்டு பிளஞ்சர்களிலும் துருப்புள்ளிகள். பிளஞ்சருக்கும் அது ஏறி இறங்கும் உறையான பேரலுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குகள்தான் என்பதாலும், அவற்றைச் சோடியாகவே தேய்த்துப் பொருத்துகிறார்கள் என்பதாலும், ஒன்றின் பிளஞ்சரை இன்னொன்றின் பேரலில் போட முடியாது. மாற்ற வேண்டியவை அந்த இரண்டு சோடிகள் மட்டுமே என்று சொல்லி, மற்ற நான்கையும் கழற்றிய வரிசை குலையாமல் அறைகள் பிரித்த தட்டில் வைத்தார். ஆறையும் மாற்றினால் அவருக்குத்தான் லாபம்.

இன்ஜெக்டர்களிலும் அதே பொறுமை. இன்ஜெக்டரின் முனையான நாசிலின் ஊசியை மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்துச் சாய்த்துப் பிடித்தார். அது தன் எடையாலேயே வழுக்கி உள்ளே இறங்கினால் நல்லது, நடுவில் தயங்கினால் ஆகாது. பிறகு கைப்பம்பில் பூட்டி நெம்புகோலை அழுத்தினார். நல்ல நாசில் ‘கிர்ர்’ என்று அதிர்ந்து, எல்லாத் துளைகளிலிருந்தும் ஒரே அளவு புகையாகப் பீய்ச்சியது; கெட்ட நாசில் சத்தமே இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் கம்பிபோல் ஒழுகி, நுனியில் ஒரு சொட்டைத் தொங்கவிட்டது. அந்தச் சொட்டுதான் ரயில்காரின் பின்னால் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த வெண்புகைக்குக் காரணம். சோதனையைப் பக்கத்தில் நின்று பார்க்க அவர் தடை சொல்வதில்லை. ஆனால் பீய்ச்சும் முனைக்கு அருகே கை போகாமல் நம்மைத் தள்ளியே நிறுத்துகிறார். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும் என்பதால், இந்தக் கண்டிப்பும் சேவையின் தரத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டியதே.

இன்னொன்று, அவர் கேட்ட கேள்வி. எந்த டீசல் ஊற்றுகிறீர்கள், மாதத்துக்கு எத்தனை முறை ஓட்டுகிறீர்கள்? நம் நாட்டில் 2019 முதல் போக்குவரத்து டீசலில் 10 விழுக்காடு பாமாயில் மெத்தில் எஸ்டர் (பாமாயிலிலிருந்து செய்யும் உயிரி எரிபொருள்) கலக்கிறார்கள். தினம் ஓடும் லாரிக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை, சொல்லப்போனால் கந்தகம் குறைந்த டீசலுக்கு அது வழுவழுப்பைத் தருகிறது. நின்றுகொண்டே இருக்கும் ரயில்காருக்கு அது வேறு கதை: எஸ்டர் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், தொட்டியின் அடியில் தங்கும் தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புச் சேறாகப் படியும், பழைய தொட்டியில் பல பத்தாண்டுகளாக ஒட்டியிருந்த அழுக்கை அது கரைத்துக்கொண்டுவந்து பில்டரில் சேர்க்கும், அந்தக் காலத்து ரப்பர் வளையங்களை ஊதவைத்து மென்மையாக்கிவிடும். ஆகவே எல்லா வளையங்களையும் எரிபொருளைத் தாங்கும் விட்டான் ரப்பர் வகையில் போட்டுத் தந்ததோடு, பெரிய தொட்டியை இப்போதைக்குக் காலியாக வைத்துவிட்டு, சிறிய கேன் ஒன்றிலிருந்து புதிய டீசலை எடுத்து ஓட்டுங்கள் என்றும் சொன்னார். இங்கிலாந்துக் கையேடுகளைப் படித்து வேலை செய்கிற எங்களுக்கு, இதைச் சொல்ல அந்தக் கையேடுகளில் ஒரு வரியும் இல்லை.

கையேடுகளைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1954இல் ஓடத் தொடங்கிய டெர்பி லைட்வெயிட் என்ற டீசல் ரயில்கார் வகையும் அதன் பின் வந்தவையும் பெரும்பாலும் தரைக்கு அடியில் படுக்கவைத்த லேலண்ட், ஏஈசி எஞ்சின்களை நம்பியவை. அந்தத் தலைமுறையின் கடைசி ஒற்றைப் பெட்டி வண்டிகள் 2017 வரை பயணிகளை ஏற்றிச் சென்றன. அதனால் அங்கே சாமானும் அறிவும் கைமாறிக்கொண்டே வந்தன. மலாயாவில் வண்டிகளும் மறைந்தன, பட்டறையும் இடம் பெயர்ந்தது. 1995இல் மின்சாரக் கொமுட்டர் புறநகர் ரயில் வந்த பிறகு தலைநகரைச் சுற்றி டீசல் ரயில் பஸ்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று; செந்தூல் பட்டறையின் பணிகள் பத்து காஜாவுக்குப் போயின. டீசல் ரயில்காரை அன்றாடச் சேவையில் பார்க்க வேண்டுமானால் இன்று தீபகற்பத்தின் கிழக்குக் கரைப் பாதைக்கோ சபாவுக்கோதான் போக வேண்டும். இங்கே மிச்சமிருப்பவை ஓய்வுபெற்றவர்களின் நினைவும், இதைப் போன்ற சில லாரிப் பம்ப் கடைகளும்தான்.

விலை விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லை. சோதனைக்கு ஒரு கட்டணம், பிரித்துப் பூட்டுவதற்கு ஒரு கட்டணம், சாமானுக்குத் தனி என்று மூன்றாகப் பிரித்துச் சொல்கிறார். சோதனை முடிந்து நாம் வேண்டாம் என்றால் முதல் கட்டணத்தோடு பம்பை எடுத்துக்கொண்டு வரலாம். மாற்றிய பழைய உறுப்புகளைப் பையில் போட்டுத் திருப்பித் தருகிறார். இவற்றைவிட எனக்குப் பிடித்தது அவர் கொடுத்த தாள்: வலப்பக்கம் ‘தந்த நிலை’, இடப்பக்கம் ‘வந்த நிலை’, நடுவில் ஆறு வரிசைகள், அடியில் ஒவ்வோர் இன்ஜெக்டரும் திறக்கும் அழுத்தம். கையெழுத்து மோசம்தான், ஆனாலும் பத்து ஆண்டுகள் கழித்து எங்கள் இடத்தில் வேறு யாரோ நின்று இந்த எஞ்சினைத் திறந்தால், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். முழு வேகத் திருகுக்குக் கம்பி கட்டி ஈய முத்திரையும் வைத்துத் தந்தார்; எங்களுக்குள்ளேயே திருகு பிடித்த கைகள் சில உண்டு என்பதால் இதை வரவேற்கிறேன்.

குறைகளும் உண்டு. தொலைபேசியை எடுப்பதே இல்லை. சொன்ன தேதியில் வேலை முடியாது. முடியவில்லை என்று சொல்லவும் மாட்டார். தீபாவளிக்கு முன் என்றது தைப்பூசத்தை நெருங்கியது. சாமான் எங்கிருந்து வந்தது, அதன் எண் என்ன என்று பில்லில் எழுதுவதில்லை. கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. எனக்கு உண்மையிலேயே மனக்கசப்பைத் தந்தது வேறொன்று. எல்லா வேலையும் முடிந்த பிறகு, அழகாக இருக்கட்டும் என்று உதவியாளர் பம்ப் முழுவதற்கும் வெள்ளிச் சாயம் அடித்துவிட்டார். உடலின்மேல் இருந்த பழைய சாம்பல் பச்சைச் சாயம் போனது; பக்கவாட்டில் ரிவெட் அடித்திருந்த தகடும் வெள்ளிக்குள் மறைந்தது. அந்தத் தகட்டில் இருக்கும் வகை எண்ணை வைத்துத்தான் எந்த வேகத்தில் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்ற அளவு அட்டவணையைத் தேடவே முடியும் என்பதை அந்தக் கடையைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? நாங்கள் முன்பே படம் எடுத்து வைத்திருந்ததால் எண் தப்பியது. தகட்டைத் தின்னர் நனைத்த பஞ்சால் துடைத்துத் துடைத்து மீட்டோம். சாயத்தை மீட்க வழியில்லை. கடைக்காரரிடம் சொன்னபோது வருத்தப்பட்டார். லாரிக்காரர்கள் சாயம் அடிக்காவிட்டால் வேலையே செய்யவில்லை என்று சண்டைக்கு வருவார்கள் என்றும் சொன்னார். இரண்டையும் நம்புகிறேன்.

பம்பைத் திரும்பப் பூட்டி, காற்றை வெளியேற்றி, பலகையோடு ஒருவரை நிறுத்திவைத்து முடுக்கியபோது எஞ்சின் சிறிது நேரம் வெண்புகை விட்டுவிட்டு ஒரே சீராகப் பிடித்துக்கொண்டது. நின்றபடியே ஓடும் வேகத்தில் முன்பிருந்த குலுக்கல் இப்போது இல்லை. பளு ஏற்றி ஓட்டிப் பார்க்கும் கட்டத்துக்கு நாங்கள் இன்னும் வரவில்லை என்பதால், அதைப் பற்றி இப்போது சொல்வது முறையாகாது.

காமன் ரெயில் வண்டி வைத்திருப்பவர்கள் இங்கே போக வேண்டியதில்லை. அவசரம் உள்ளவர்களும் போக வேண்டாம். பழைய லாரி, படகு, ஜெனரேட்டர், ரயில்கார் என்று இன்லைன் பம்ப் பூட்டிய எஞ்சினை அதன் இயல்பு கெடாமல் காக்க நினைப்பவர்கள் தயங்காமல் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் தகட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் காகித நாடாவை ஒட்டி, ‘சாயம் அடிக்க வேண்டாம்’ என்று மலாயிலும் தமிழிலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள், உதவியாளருக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது.