பழைய மடிப்பு கேம்பரின் கூரை எழவில்லையா? கம்பிவடமா, வெல்டிங்கா, முழு செட்டா?

ஈஸ்டர் நெருங்கினால் டர்பனில் எங்கள் பக்கத்தில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். டிராக்கென்ஸ்பெர்க் மலைக்கோ சோட்வானா கடற்கரைக்கோ கிளம்பலாம் என்று, தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த மடிப்பு கேம்பரை, அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப்போய்க் கூரையைத் தூக்கித் தங்கும் வண்டியை, வெளியே இழுப்பார்கள். கைப்பிடியைச் சுற்றினால் மூன்று மூலை எழும், நாலாவது எழாது. இல்லையென்றால் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும், அதோடு கைப்பிடி சும்மா சுற்றும்.

உடனே ஆளுக்கொரு யோசனை. அறுந்த கம்பிவடத்தை மட்டும் மாற்று என்பார் ஒருவர். வளைந்த தூணை வெல்டிங் வைத்து நிமிர்த்து என்பார் இன்னொருவர். வடம், கப்பி எல்லாவற்றையும் செட்டாக மாற்று என்பது மூன்றாவது. இந்தக் காலத்தில் எதற்குக் கையால் சுற்றணும், கேஸ் ஸ்ட்ரட்டோ (கார் டிக்கி கதவைத் தூக்கிப் பிடிக்கும் வாயுத் தண்டு) மோட்டாரோ போட்டுவிடு என்பது நாலாவது. நான் மூன்றாவது கட்சி.

முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். முன்னால் ஒரு வின்ச், அதாவது கைப்பிடி சுற்றி வடத்தைச் சுருட்டும் உருளை. அதிலிருந்து ஒரு தடித்த வடம் அடிப்பக்கமாகப் போய் ஒரு நுகத்தில், அதாவது வடங்களை இணைக்கும் இரும்புத் துண்டில், சேர்கிறது. நுகத்திலிருந்து நாலு வடங்கள் நாலு மூலைக்கும் பிரிகின்றன. ஒவ்வொரு மூலையிலும் கப்பி, அதற்கு மேல் ஒன்றுக்குள் ஒன்றாக நீளும் தூண். சில மாடல்களில் வடம் நேராகத் தூக்காது. குழாய்க்குள் இருக்கும் நீளமான சுருள்கம்பியைத் தள்ளி, அதன் வழியாகத் தூணை மேலே எழுப்பும். எந்த மாடலானாலும் கூரையின் மொத்த எடையும் இந்தக் கப்பிகள் வழியாகத்தான் வின்ச்சுக்கு வருகிறது.

அறுந்தது வடம், சரி. எதனால் அறுந்தது? கப்பியைக் கையால் சுற்றிப் பாருங்கள். கடற்காற்று பட்ட வண்டியில் பெரும்பாலும் ஒன்றாவது இறுகி நின்றிருக்கும். சுற்றாத கப்பி மேல் வடம் உராய்ந்து உராய்ந்து ஓடியிருக்கும். பள்ளத்தில் நகத்தை ஓட்டினால் வடத்தின் முறுக்கு அப்படியே அச்சாகப் பதிந்திருப்பது தட்டுப்படும். அந்தக் கப்பியை விட்டுவைத்துப் புது வடம் மட்டும் போட்டால், அதையும் அது அறுக்கும். முதல் யோசனைக்கு நான் ஒத்துப்போகாத காரணம் இதுதான். இன்னொன்று, மூன்று பழைய வடமும் ஒரு புது வடமும் ஒரே அளவாக இழுபடாது. புதியது கொஞ்ச காலம் நீண்டுகொண்டே போகும், கூரை ஒரு பக்கம் சாயும், சாய்ந்த கூரை தூணை இறுக்கும். மாற்றினால் நாலையும் மாற்றுங்கள்.

சரி, எந்த வடம்? கடையில் கால்வனைஸ்டும் (துத்தநாகம் பூசியது) இருக்கும், ஸ்டெயின்லெஸ்ஸும் இருக்கும். கடலோரத்துக்காரர்கள் யோசிக்காமல் ஸ்டெயின்லெஸ் பக்கம் சாய்வார்கள். துருவுக்கு அது நல்லதுதான், ஆனால் சின்னக் கப்பியில் திரும்பத் திரும்ப வளைந்தால் சீக்கிரம் களைத்துப்போகும். 4.8 மில்லிமீட்டர் வடத்துக்குச் சுமார் 120 மில்லிமீட்டர் கப்பி இருப்பது நல்லது என்பது பொதுக் கணக்கு. கேம்பரில் இருப்பது அதில் பாதிகூட வராது. அதனால் கப்பி சின்னதாக இருந்தால் கால்வனைஸ்டே போதும். 7×19 பின்னலை, அதாவது ஏழு புரி, புரிக்குப் பத்தொன்பது இழை என்று பின்னியதை, கேட்டு வாங்குங்கள். 7×7 விறைப்பாக இருக்கும், இந்த வேலைக்கு ஆகாது. முனையைக் கிளாம்ப் வைத்துக் கட்டினால் யூ வடிவக் கம்பி வெட்டிய வால் பக்கமும், அதன் அடிக்கட்டை பாரம் தாங்கும் பக்கமும் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் தாங்கும் வடமே நசுங்கும். இதைத் தலைகீழாகப் போட்ட வண்டிகள் ஊரில் ஏராளம்.

வெல்டிங் மலிவு. தெருக்கோடியில் ஆள் இருப்பார், பிக்கப் வண்டியில் மெஷினோடு வீட்டுக்கே வருவார். வெல்டிங் தாங்கும் இடமும் உண்டு: நுகம் விரிசல் விட்டிருந்தால், வின்ச் உட்காரும் தகடு கிழிந்திருந்தால் தாராளமாகச் செய்யலாம். தூணில் கைவைப்பதுதான் வம்பு. தூணின் சுவர் மெல்லிய தகடு. சூடு பட்டால் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், உள்ளே பிசிறும் நிற்கும். ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகவேண்டிய குழாயில் அரை மில்லிமீட்டர் மேடு போதும், அந்த மூலை மறுபடி மாட்டும். மேலே இருந்த துத்தநாகப் பூச்சும் எரிந்துபோகும், அந்தப் புகை மூச்சுக்குக் கேடு. தரை பலகையாக இருந்தால் நெருப்புப் பயமும் உண்டு. தூண் அலுமினியம் என்றால் சாதாரண வெல்டருக்கு வேலையே இல்லை. வளைந்த தூணுக்கு மாற்று கிடைக்காதபோது டர்பனின் தொழிற்பேட்டைகளான ஜேக்கப்ஸ், மொபெனி பக்கம் உள்ள பட்டறைகளில் அதே அளவுக் குழாயைக் கேட்டு வெட்டி எடுப்பது மேல்.

நாலாவது கட்சிக்காரர்களிடம் பேசுவது கடினம், கண்ணில் ஆசை தெரியும். கேஸ் ஸ்ட்ரட் சுருங்கியிருக்கும்போதே முழு நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கும். கூரை ஒரு முழம் மட்டும் எழும் பாப்-டாப் கேரவனுக்குப் பொருந்தும், ஒரு மீட்டருக்கு மேல் எழும் மடிப்பு கேம்பருக்குத் தனியாகக் கை, கீல் எல்லாம் செய்தாக வேண்டும். குளிரும் சேரும். டர்பனில் 25 டிகிரியில் சரியாகத் தாங்கிய ஸ்ட்ரட், இங்கே குளிர்காலமான ஜூலை மாத விடியலில் டிராக்கென்ஸ்பெர்க் அடிவாரத்து அண்டர்பெர்க்கில் பூஜ்ஜியத்துக்கு இறங்கினால் விசையில் சுமார் 8 சதவீதத்தை இழந்திருக்கும். கூரை மேல் ஏசி இருந்தால் அது தெரியும். மோட்டார் என்றால் நாலும் ஒரே வேகத்தில் எழ வேண்டும். ஒன்று பிந்தினால் கூரை முறுக்கும்.

"அண்ணே, வின்ச்சை டிரில் மாட்டிச் சுற்றலாமே?" என்று கேட்கிற தம்பிகளுக்கும் ஒன்று சொல்லவேண்டும். பிரேக் உள்ள வின்ச்சில் இறக்கும்போது உராயும் தட்டுகள்தான் பாரத்தைப் பிடிக்கின்றன. வேகமாகச் சுற்றினால் அவை சூடேறும். அந்தத் தட்டுகளில் எண்ணெய் விட்டால் பிடியே போய்விடும். கியருக்கு கிரீஸ், தூணுக்கு சிலிகான் ஸ்பிரே, பிரேக் தட்டுக்கு ஒன்றும் வேண்டாம். தூணில் கிரீஸ் பூசினால் மணல் ஒட்டும்.

எந்த வழி போனாலும், கூரைக்கு அடியில் தலையை நீட்டும் முன் நாலு மூலையிலும் அளவாக வெட்டிய மரமுட்டு கொடுத்துவிடுங்கள். வின்ச்சை நம்பி ஒரு கணம்கூட உள்ளே குனியாதீர்கள்.

செட்டு வாங்கப் போகும்போது பழைய கப்பி ஒன்றைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். வெளிவிட்டம், பள்ளத்தின் அகலம், அச்சாணித் துளை மூன்றையும் கடையில் வைத்தே அளந்துவிடலாம். வடத்தை விடப் பள்ளம் அகலமாக இருந்தால் வடம் தட்டையாகும், குறுகலாக இருந்தால் இரு பக்கமும் நெரியும். பேரிங் வைத்த கப்பியா, வெறும் புஷ்ஷா (அச்சாணி சுற்ற உள்ளே செருகிய வெறும் குழாய்) என்றும் கேளுங்கள். புஷ்ஷாக இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசலாம்.