மிருதங்கம் பழகுகிறவர்களுக்கு ஒரு வயர் இயர்போன்: மூன்டிராப் சூ 2

மியான்மரின் யாங்கோனில் பஸ்ஸில் ஏறினால் இப்போது பாதிப் பேர் காதில் வயர் இல்லாத இயர்போன்தான். நான் வயருக்கே திரும்பிவிட்டேன். காரணம் தாளம்.

என் மிருதங்க ஆசிரியர் தஞ்சாவூரில் இருக்கிறார். பாட்டையும் தாளத்தையும் பதிந்து அனுப்புவார். நான் அதைக் காதில் கேட்டுக்கொண்டே வாசித்து, போனில் பல தடங்கள் பதிகிற செயலியில் இரண்டையும் சேர்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ப்ளூடூத்தில் கேட்டு வாசித்து அனுப்பியபோதெல்லாம் ஒரே பதில்தான் வரும்: "ஏம்மா, ஒரு மாத்திரை பின்னாடியே வர்றியே!" ப்ளூடூத்தில் சத்தம் காதுக்கு வந்து சேர 150 முதல் 250 மில்லி விநாடி வரை தாமதமாவது சாதாரணம். நிமிடத்துக்கு 75 தட்டு வேகத்தில், ஒரு தட்டுக்கு நான்கு மாத்திரை வரும் சதுஸ்ர நடை வாசித்தால் ஒரு தட்டுக்கு 800 மில்லி விநாடி, ஒரு மாத்திரைக்கு 200. நான் கேட்பதே தாமதமாக வருகிற தாளம், அதோடு ஒட்டித்தான் வாசிக்கிறேன். செயலிக்கு அது தெரியாது. அது பாட்டை அசல் நேரத்திலும் என் வாசிப்பைப் பிந்தியும் வைத்துப் பதிந்துவிடும். பாட்டு மட்டும் கேட்கிறவர்களுக்கு இதனால் ஒன்றும் இல்லை. லயம் பழகுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய தொல்லை வேறு கிடையாது. வயரில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இன்னொரு காரணம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். கரண்ட் முறை வைத்து வருகிறது. வரும் நேரத்தில் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றணும், குக்கரில் சோறு வைக்கணும், போனுக்குச் சார்ஜ் போடணும். அந்த வரிசையில் இயர்போனும் வந்து நிற்க வேண்டாம் என்று நினைத்தேன்.

சூ 2 வாங்கியது அனோரத்தா சாலையில், காளி கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் ஒரு போன் கடையில். வெளியானபோது நிறுவனம் வைத்த விலை சுமார் 19 டாலர். கியாட்டில் எவ்வளவு என்று இங்கே எழுதிப் பயனில்லை, அன்றைய டாலர் விலையைக் கேட்டுக்கொண்டு போங்கள். மூன்டிராப் சீன நிறுவனம். உள்ளே ஒலி எழுப்பும் 10 மி.மீ. டைனமிக் டிரைவர் ஒன்று, அதன் சவ்வு அலுமினியம்-மெக்னீசியக் கலவை. மின்தடை 18 ஓம் என்பதால் சாதாரண போனிலேயே போதுமான சத்தம் வருகிறது, சத்தத்தைக் கூட்டத் தனி ஆம்ப் தேவையில்லை. நான் வாங்கிய வகையில் மைக் கிடையாது. பேசுவதற்கும் சேர்த்து ஒரே இயர்போன் வேண்டும் என்பவர்கள் இதை முதலில் கவனிக்கவும்.

சரி, சத்தம். நான் எந்த இயர்போனையும் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியை வைத்துத்தான் எடை போடுவேன். அதில் கும்கி கொடுக்கும்போது மணிக்கட்டின் அழுத்தத்தில் நாதம் கீழிருந்து மேலே வழுக்கி ஏறும். அந்த ஏற்றம் எங்கே தொடங்குகிறது, எங்கே விடுகிறது என்பதுதான் பாடம். இதற்கு முன் வைத்திருந்த மலிவான இயர்போனில் பாஸை (அடி ஒலியை) ஏகத்துக்கும் ஏற்றி வைத்திருந்தார்கள். அதில் கும்கி எல்லாம் 'பும்' என்ற ஒரே வீக்கம்தான். அழுத்தினாரா, அடித்துவிட்டுக் கையை எடுத்தாரா என்றே பிரித்தறிய முடியாது. சூ 2-இல் பாஸ் இருக்கிறது, ஆனால் அளவோடு. நல்ல பதிவாக இருந்தால் தொப்பியில் நாதத்துக்காகப் பூசும் ரவை கொஞ்சம் கூடியிருப்பது வரை ஊகிக்கலாம். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் கஞ்சிராவும் தொப்பியும் ஒரே நேரத்தில் கீழே இறங்கும் இடங்களில் இரண்டும் தனித்தனியாகக் கேட்டதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

வலப்பக்கமான வலந்தலையும் அப்படித்தான். மீட்டு, சாப்பு என்ற அடிகளுக்குள்ள வேறுபாடு, 'தின்' என்ற சொல்லில் விரல் நடுவிலுள்ள கருப்புக் கரணையைத் தொட்டு நிற்கும் அந்தச் சின்ன அடைப்பு, எல்லாம் தெளிவு. துரித காலத்தில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவில்லை. தம்புரா பின்னால் தொடர்ந்து நிற்கிறது, பாடகர் மூச்சு வாங்குவதும் கேட்கிறது.

நாகஸ்வரத்துக்கு மட்டும் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்வேன். வயலின் மேல் ஸ்தாயிக்கும் அதே கதைதான். இதற்குக் காரணம் நம் காதின் அமைப்பிலேயே இருக்கிறது. திறந்த காதில் செவிக்குழாய் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியைத் தானாகவே கூட்டிக் கொடுக்கும். இயர்போனைச் சொருகி அடைத்ததும் அந்த இயல்பு மாறிவிடுவதால், அந்த ஏற்றத்தை இயர்போனே தர வேண்டியிருக்கிறது. மூன்டிராப் அதைத் தாராளமாகவே தந்திருக்கிறது. குரல் முன்னால் வந்து நிற்பது அதனால்தான், சத்தமான நாகஸ்வரம் உறைப்பதும் அதனால்தான். பழைய வானொலிக் கச்சேரிப் பதிவுகளின் இரைச்சலையும் இது மறைக்காது. மேடை விரிந்து கேட்க வேண்டும் என்பவர்களுக்கு இந்த விலையில் இது போதாது. ஒலி தலைக்குள்ளேயேதான் இருக்கிறது. எனக்கு அது குறையாகப் படவில்லை, வேண்டியது விரல் அடிகளின் தெளிவுதான்.

அணியும் சுகத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. கூடு துத்தநாகக் கலவை உலோகம். காதில் வைத்ததும் குளிர்ச்சியாக இருக்கும். பிளாஸ்டிக்கைவிடக் கனம், அதனால் நீண்ட நேரம் போட்டிருந்தால் இருக்கிறது என்று காதுக்குத் தெரியும். நான் சாதகத்துக்கு நடுவே எப்படியும் எழுந்து போவேன், அதனால் சமாளிக்கிறேன். எல்லாவற்றையும் தீர்மானிப்பது சிலிக்கான் முனைதான். பலருக்கு இரண்டு காதும் ஒரே அளவில் இருக்காது. எனக்கு வலது காதுக்கு நடு அளவு, இடதுக்குச் சிறியது. முனை சரியாக அடைக்காவிட்டால் முதலில் ஓடிப்போவது பாஸ்தான். அப்படிப் போட்டுக் கேட்டுவிட்டு "இதில் தொப்பியே இல்லை" என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. பஞ்சு முனை மென்மையாக இருக்கும், ஆனால் நம் ஊர் வியர்வைக்கு அது ஒத்து வராது. சிலிக்கானைக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

வயரைக் காதுக்கு மேலே சுற்றிப் பின்பக்கமாக விட வேண்டும். மிருதங்கத்துக்கு இது வரப்பிரசாதம். வயர் முதுகு வழியாக இறங்கினால் கையில் இடிக்காது. முன்னால் தொங்கினால் ஒவ்வொரு அசைவுக்கும் வயர் துணியில் உரசி, காதில் 'டொக் டொக்' என்று கேட்கும். காதைச் சுற்றிப் போட்டால் அது பெருமளவு அடங்குகிறது. கண்ணாடி போடுகிறவர்கள் முதலில் கண்ணாடி, அப்புறம் வயர் என்று போட்டால் உறுத்தல் குறைவு.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காதை அடைத்துக்கொண்டு சொல்கட்டு (மிருதங்கச் சொற்களை வாயால்) சொன்னால் நம் குரல் மண்டைக்குள் குடத்தில் பேசுகிற மாதிரி முழங்கும். எலும்பு வழியாக வரும் சத்தத்துக்கு வெளியேற வழி இல்லாததால் அப்படி. எந்த அடைப்பு இயர்போனிலும் இது உண்டு. வாயால் சொல்லிப் பழகும்போது ஒரு பக்கத்தைக் கழற்றிவிடுவேன். மிருதங்கம் வாசிக்கும்போதும் என் வாசிப்பை நேரடியாகக் கேட்க வலது காது பாதி திறந்தே இருக்கும்.

கரண்ட் போனதும் தெருவில் கடைக்குக் கடை ஜெனரேட்டர் ஓடும். முனை நன்றாக அடைத்தால் அதன் மேல் இரைச்சல் குறைகிறது, அடி உறுமல் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சத்தோடு போட்டி போட்டுச் சத்தத்தைக் கூட்டாதீர்கள். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. டெசிபல் கூடக் கூட அந்த நேரம் வேகமாகச் சுருங்கும். லயம் பழகுகிறவர்களுக்குக் காது போனால் எல்லாம் போயிற்று.

இந்த ஊர் மழைக்காலத்தில் மிருதங்கத் தோலே தொய்ந்துவிடுகிறது, இயர்போன் மட்டும் தப்புமா? ஈரமும் குறும்பியும் சேர்ந்து மூக்கின் வலையை அடைத்தால் ஒரு பக்கம் சத்தம் இறங்கும். சூ 2-இல் சிலிக்கான் முனை மாட்டும் பித்தளை மூக்கைத் திருகிக் கழற்றலாம் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். வயரும் 0.78 மி.மீ. இரட்டை முள் வகை, அறுந்தால் வயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். முதல் சூவில் வயர் கூட்டோடு சேர்ந்தே இருந்தது. கேட்டு முடித்ததும் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வைக்கிறேன். மருந்து டப்பாக்களில் வரும் பொட்டலமே போதும்.

போனில் 3.5 மி.மீ. துளை இல்லாதவர்கள் டைப்-சி மாற்றி வாங்கும்போது, அதற்குள் டிஏசி (டிஜிட்டல் ஒலியை இயர்போனுக்கு ஏற்ற மின் அலையாக மாற்றும் சில்லு) இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாத மாற்றிகள் எல்லாப் போனிலும் வேலை செய்யாது. உங்கள் போனையே கடைக்குக் கொண்டுபோய்ச் சொருகி, தொப்பி நன்றாக விழுந்த ஒரு பதிவைப் போட்டுக் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.