வீடு தேடி வந்து தடுப்பூசி போடுகிறார்களா? குப்பியைக் காட்டச் சொல்லுங்கள்

செல்லப்பிராணிகளுக்கு வீட்டுக்கே வந்து தடுப்பூசி போடுகிறேன் என்று சொல்லும் ஒரு 'டாக்டரிடம்' எங்கள் நாய்க்குட்டி மாட்டிக்கொண்டது. புகார் கொடுத்திருப்பதால் பெயரை எழுதவில்லை. ஏமாற்றிய விதத்தை மட்டும் எழுதுகிறேன், வேறு யாராவது பிழைக்கட்டும்.

கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கியது, கடைசிவரை அது குட்டியின் நெஞ்சைத் தொடவே இல்லை. பையிலிருந்து எடுத்த ஊசியில் மருந்து ஏற்கெனவே ஏற்றப்பட்டிருந்தது. குப்பி எங்கே என்று கேட்டேன். "வர்ற வழியிலேயே கலந்துட்டேன் சார், டைம் மிச்சம்" என்றார். அப்புறம் குட்டியைப் பார்த்துவிட்டு, "சின்ன ஜாதிதானே, பாதி டோஸ் போதும்" என்றார்.

இரண்டுமே தப்பு. நாய்க்குட்டிகளின் உயிரைப் பறிக்கக்கூடிய டிஸ்டெம்பர், பார்வோ என்ற வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசி பெரும்பாலும் இரண்டு குப்பிகளாக வரும். ஒன்றில் காய்ந்த வில்லை, இன்னொன்றில் திரவம். போடும் நேரத்தில்தான் கலக்க வேண்டும், அதுவரை 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். உள்ளே இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். கலந்த பிறகு வெயிலில் பைக்கில் சுற்றினால் அது செத்துவிடலாம், அப்படியானால் ஊசியில் மிஞ்சுவது வெறும் தண்ணீர் மாதிரிதான். டோஸும் சின்ன நாய், பெரிய நாய் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பாதி பாதியாகப் போட்டால் ஒரு குப்பியில் இரண்டு வீட்டுக் காசு, அவ்வளவே. எடை பார்த்துக் கொடுக்க வேண்டிய வயிற்றுப் பூச்சி மருந்தை மட்டும் கண்ணளவில் ஊற்றினார்!

சில வாரங்களில் குட்டி சாப்பாட்டை ஒதுக்கியது. வாந்தி, பிறகு ரத்தத்தோடு பேதி. ஆஸ்பத்திரியில் பார்வோ என்று உறுதியானது. அங்கிருந்த டாக்டரம்மா தடுப்பூசி அட்டையை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஸ்டிக்கர் கோந்து தடவி ஒட்டப்பட்டிருந்தது. குப்பியிலிருந்து அப்போதே உரித்திருந்தால் தானாகவே ஒட்டியிருக்கும். முத்திரை மையை மீறிக் காலாவதி மாதம் லேசாகத் தெரிந்தது. ஊசி போட்ட தேதிக்கு முன்னாலேயே அது முடிந்திருந்தது.

அவர் நியாயமாகவே பேசினார். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புசக்தி குட்டியின் உடம்பில் மிச்சம் இருந்தால் நல்ல ஊசிகூடப் பலிக்காமல் போகலாமாம். அதனால்தான் 6-8 வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில், 16 வாரம் தாண்டும் வரை போடுகிறார்கள். நம்மாளோ முதல் ஊசியிலேயே "இனி ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பார்வோவுக்கு இவர்தான் முழுக் காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் அந்த அட்டையில் உள்ள எதையும் நம்ப முடியாது என்றார் டாக்டரம்மா.

டிரிப்ஸ் ஏற்றி, ராத்தூக்கம் கெட்டு, குட்டி பிழைத்தது. தேறியதும் முதலிலிருந்து ஊசி போட்டார்கள். காய்ச்சல் பார்த்து, எடை போட்டு, ஈறின் நிறம் பார்த்து, நெஞ்சுச் சத்தம் கேட்டு, அதற்குப் பிறகுதான் குப்பி ஃபிரிட்ஜிலிருந்து வெளியே வந்தது. தேதியைக் காட்டி, எங்கள் கண் முன்னால் கலந்தார்கள். முகம் வீங்குகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த அட்டையில் ரேபிஸ் ஊசி போட்டதாக இருந்த வரிதான். அதே ஆள், அதே கோந்து ஸ்டிக்கர். அறிகுறி வந்துவிட்டால் நாயானாலும் மனிதனானாலும் பிழைப்பது அநேகமாக இல்லை. 'ஊசி போட்ட நாய்தானே' என்று வீட்டுப் பிள்ளைகள் கடியை அலட்சியமாக விட்டிருந்தால்?

போன் செய்தேன். "பெரிய ஆஸ்பத்திரிக்காரங்க அப்படித்தான் சொல்வாங்க சார்" என்றவர் பிறகு எடுக்கவே இல்லை. முத்திரையில் பதிவு எண் இருக்க வேண்டிய இடம் வேண்டுமென்றே இழுகியிருந்தது. கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்குப் படங்களோடு எழுதியிருக்கிறேன்.

இப்படி யாரிடமாவது ஊசி போட்டிருந்தால் நல்ல மருத்துவரிடம் காட்டி மறுபடியும் போட்டுக்கொள்ளுங்கள், முதலில் ரேபிஸ். பழைய அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புகாருக்கு அதுதான் கையில் இருக்கும் சாட்சி.