ரியூப் மைக் வாங்கப் போகிறவர்கள் ஒருக்கா நில்லுங்கோ

போன கிழமை பேஸ்புக்கில் ஒரு விளம்பரம். கறுப்புத் துணியின் மேல் வெள்ளி நிற மைக், பக்கத்தில் இரும்புப் பெட்டி, மைக்கின் வலைக்குள்ளே செம்மஞ்சள் வெளிச்சம். 'லண்டன் சாமான், ஒரே ஆள் பாவிச்ச ரியூப் மைக், அவசர விற்பனை.' ரியூப் மைக் என்றால், பழைய ரேடியோக்களில் இருந்த வால்வு (ரியூப்) உள்ளே வைத்த மைக். படத்தை விரித்துப் பார்த்தேன். துணியின் மடிப்புக்கூட மாறவில்லை. ஏழு மாதத்துக்கு முன் எனக்குக் காட்டிய அதே படம். படத்தில் இருக்கும் அந்த மைக் இப்போது என் அலமாரிக்குள் கிடக்கிறது.

இவ்வளவு நாளும் வெட்கத்தில் பேசாமல் இருந்தேன். பதினைந்து வருடம் மைக்கோடு மாரடித்தவன் ஒரு வெளிச்சத்தைப் பார்த்து ஏமாந்தான் என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்? ஆனால் அந்த விளம்பரத்தின் கீழே 'விலை என்ன அண்ணை' என்று நாலு பேர் கேட்டிருந்தார்கள். அதில் ஒருவன் எனக்குத் தெரிந்த பெடியன். அதனால்தான் எழுதுகிறேன்.

கோண்டாவிலில் வீட்டின் பின் அறையில் ஒரு சின்ன ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். கோயில் பாட்டு, கடை விளம்பரம், குறும்படத்துக்கு டப்பிங், கலியாண வீடியோவுக்குக் குரல், வந்தது எல்லாம் செய்வேன். எட்டு வருடமாக ஒரே ஒரு மைக், ரோட் என்.டி.1.ஏ. அதன் சொந்த இரைச்சல் வெறும் 5 டெசிபல். என் அறையின் காற்றாடியும் பக்கத்து வளவுச் சேவலும் அதைவிடப் பல மடங்கு சத்தம். மைக்கில் ஒரு குறையும் இருக்கவில்லை. குறை என் மனதில்தான் இருந்தது. ரொறன்ரோவில் இருந்து ஒருவர் தன் தகப்பனார் எழுதிய பாட்டுகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று அழைத்தார். எல்லாம் பேசி முடித்து, கடைசியாக, "தம்பி, உங்களிட்டை ரியூப் மைக் இருக்கோ?" என்றார். இல்லை என்றேன். வேலை கொழும்புக்குப் போய்விட்டது.

அந்த 'இல்லை' ஒரு மாதம் தொண்டைக்குள் நின்றது. அந்த நேரம் பார்த்துத்தான் விளம்பரம் வந்தது.

விற்றவர் நல்லூருக்குப் பின்பக்கம் ஒரு ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கு வரச் சொன்னார். முப்பத்தைந்து வயது இருக்கும். மரியாதையான ஆள், தேத்தண்ணி தந்தார். மைக்கை வெல்வெட் பெட்டியில் இருந்து குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினார். "அண்ணை, இது யூ 47 மாதிரியே. உள்ளுக்கை இருக்கிறது டெலிஃபுங்கன் வி.எஃப்.14. பாருங்கோ எரியிறதை" என்றார். சுவிட்சைத் தட்டினார். தட்டியதும் வலைக்குள்ளே பளிச்சென்று ஒரு செம்மஞ்சள் ஒளி. நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

அந்த ஒரு நிமிடத்தில் இரண்டு பொய் இருந்தது. நான் கொஞ்சம் படித்திருந்தால் இரண்டையும் அங்கேயே பிடித்திருக்கலாம். நொய்மன் என்ற ஜெர்மன் கொம்பனி 1949இல் கொண்டுவந்த யூ 47 மைக்குக்குள் இருந்தது வி.எஃப்.14 என்ற ரியூப் என்பது உண்மைதான். ஆனால் அது கண்ணாடி ரியூப் இல்லை, இரும்புக் கூட்டுக்குள் அடைத்த ரியூப். அது எரிவதை வெளியில் இருந்து பார்க்கவே முடியாது. அடுத்தது, உண்மையான ரியூப் பொதுவாகச் சுவிட்ச் போட்டதும் பளிச்சென்று எரியாது. உள்ளே இருக்கும் கம்பி சூடேறி, மெல்லச் சிவந்து, பிறகுதான் சத்தம் வரும். நிறுத்தினாலும் சத்தம் உடனே சாகாது. சில வினாடி இழுத்து மங்கித்தான் போகும். பழைய வால்வு ரேடியோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பரிசோதித்துத்தான் வாங்கினேன் என்று வீட்டில் அடித்துச் சொன்னேன். என்ன பரிசோதனை? அவருடைய லப்டொப், அவருடைய ஹெட்போன், அவர் போட்டு வைத்த ரிவேர்ப், அதாவது எதிரொலி. கிணற்றுக்குள் இருந்து தெய்வம் பேசுவது போல என் குரல் கேட்டது. மயங்கிவிட்டேன். புறப்படும்போது ஒன்று சொன்னார்: "ஃபான்டமையும் போட்டு வையுங்கோ அண்ணை, அப்பதான் ஃபுல் சத்தம்." அதற்கும் தலையாட்டினேன். ஒரு லட்சத்து அறுபத்தையாயிரம் கேட்டார், ஒரு லட்சத்து நாற்பத்தையாயிரத்துக்கு முடிந்தது. கையில் காசு. பில் கேட்டேன். "பாவிச்ச சாமானுக்கு என்ன அண்ணை பில்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த ஃபான்டம் கதை ஏன் பொய் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இதில்தான் எல்லாமே இருக்கிறது. சாதாரண கண்டென்சர் மைக்குக்கு மிக்சரோ, மைக்கை லப்டொப்போடு இணைக்கும் கருவியான இன்ரர்பேஸோ அதே வயர் வழியே 48 வோல்ற் அனுப்புகிறது. அதுதான் ஃபான்டம் பவர். அதில் இழுக்கக்கூடிய மின்சாரம் மிகக் கொஞ்சம், கூடிப்போனால் 10 மில்லி அம்பியர். 12ஏ.எக்ஸ்.7 என்று பல மைக்கில் போடும் ரியூப்பை எடுத்துக்கொண்டால், அதன் சூடாக்கும் கம்பிக்கு மட்டும் 12.6 வோல்ற்றில் 150 மில்லி அம்பியர் வேண்டும். அதற்கு மேல் ரியூப்பின் தட்டுக்கு நூறு வோல்ற்றுக்கு மேல் தனியாக. இதை ஃபான்டம் எப்படித் தரும்? அதனால்தான் ரியூப் மைக்கோடு ஒரு பாரமான பெட்டியும், ஐந்து ஆறு ஏழு ஊசி உள்ள தனி வயரும் வருகின்றன. பெட்டி இருந்தால் ஃபான்டம் தேவையே இல்லை. ஓடியோ-டெக்னிக்கா ஏ.டி.3060 போல ஃபான்டமிலேயே ஓடும் ரியூப் மைக்கும் வந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதோடு பெட்டி வராது. பெட்டியும் வேண்டும், ஃபான்டமும் வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கோ.

நான் எழும்பி வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் என் குரலையே பதிவு செய்து, 'என்ன ஒரு வோர்ம்', என்ன ஒரு இதமான குரல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் 'ச'வும் 'ஸ'வும் பழைய மைக்கைவிடக் காதைக் கீறின. காசு கொடுத்த காதுக்கு அது கேட்கவில்லை.

ஆனி மாதம், நல்லூர்த் திருவிழாவுக்கு வெளியிட ஒரு பாட்டுத் தொகுப்பு. பாடியவர் ஒரு சங்கீத ரீச்சர். பின்னேரம் ஆறரை மணி, காற்றாடியை நிறுத்தியிருந்தோம், அறை அவிந்துகொண்டிருந்தது. மூன்றாவது சரணத்தில் டக்கென்று கரண்ட் போனது. ஸ்பீக்கர் நின்றது, பெட்டி நின்றது, மைக்குக்குள் இருந்த வெளிச்சமும் போனது. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்கூடக் கரண்ட் வெட்டிய காலத்தில் இருந்து நான் எல்லாவற்றையும் லப்டொப் பற்றரியிலேயே ஓட்டப் பழகிவிட்டேன். இன்ரர்பேஸும் லப்டொப்பின் யூ.எஸ்.பி.யில்தான் ஓடுகிறது. ரீச்சர் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தபடியால் அவருக்குத் தெரியவில்லை. நான் நிறுத்தச் சொல்லக் கையை உயர்த்தினேன். உயர்த்திய கை அப்படியே நின்றது.

திரையில் அலை ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போனில் ரீச்சரின் குரல் ஒரு பொட்டுக்கூடக் குறையாமல் வந்துகொண்டிருந்தது.

பெட்டிக்குக் கரண்ட் இல்லை. பெட்டி இல்லாவிட்டால் ரியூப் இல்லை. அப்படியென்றால் இந்தக் குரல் எந்த வழியால் வருகிறது? ரீச்சர் கண்ணைத் திறந்து, "தம்பி, நிப்பாட்டட்டோ?" என்றார். "வேண்டாம் ரீச்சர், பாடுங்கோ" என்று சொல்லிவிட்டு இன்ரர்பேஸில் 48 வோல்ற் பொத்தானை அமத்தி ஃபான்டமை நிறுத்தினேன். குரல் சட்டென்று அறுந்தது.

அடுத்த நாள் விடியவே இணுவிலில் எனக்குத் தெரிந்த ஒரு ஐயாவிடம் கொண்டு போனேன். எழுபது தாண்டியவர், ஒரு காலத்தில் வால்வு ரேடியோ திருத்தியவர். மைக்கின் அடியில் இருந்த வளையத்தைத் திருகி உடம்பைக் கழற்றினார். கண்ணாடி ரியூப் இருந்தது, உண்மையான ரியூப்தான். ஆனால் அதைச் செருகியிருந்த சொக்கெற்றின் கால்களில் ஒன்றில்கூட வயர் பற்ற வைத்திருக்கவில்லை. சும்மா செருகி வைத்திருந்தது. அதற்குக் கீழே துளையில் பட்டாணி அளவு செம்மஞ்சள் எல்.ஈ.டி. ஐயா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "மோனை, இது வால்வு இல்லை. படத்துக்கு முன்னாலை வைக்கிற விளக்கு."

பிறகு தலையைத் திறந்தார். சத்தத்தை வாங்கும் பகுதிக்குப் பெயர் கப்சூல். பெரிய கப்சூல் என்றால் ஒரு அங்குல அகலமாவது இருக்க வேண்டும். இங்கே பொன் நிறம் பூசிய பிளாஸ்ரிக் வளையத்துக்கு நடுவில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு எலெக்ட்ரெட், மலிவான சின்னக் கப்சூல். அதில் இருந்து ஒரு சின்ன ட்ரான்சிஸ்ரர், அதில் இருந்து நேரே வெளியே. பெட்டியில் ஒன்பது படி போட்டு ஒரு திருகு இருந்தது, முன்பக்கம் மட்டும் கேட்பதற்கும் எல்லாப் பக்கமும் கேட்பதற்கும் மாற்றுவதற்கு. அந்தத் திருகுக்கு வயரே இல்லை. பெட்டிக்குள் ட்ரான்ஸ்போமர் இருக்க வேண்டிய இடத்தில் போன் சார்ஜர் போன்ற ஒரு சின்னப் பலகையும், பாரத்துக்காக ஒட்டிய ஒரு இரும்புத் துண்டும். எனக்கு அந்த இரும்புத் துண்டுதான் இன்னும் ஆறவில்லை. யாரோ ஒருவர் இருந்து யோசித்து, வெட்டி, பசை பூசி ஒட்டியிருக்கிறார்.

(இது போலி என்றபடியால் திறந்தோம். உண்மையான ரியூப் மைக்கின் பெட்டியை வீட்டில் திறக்காதேயுங்கோ. வயரைக் கழற்றிய பிறகும் கப்பாசிற்றருக்குள் நூறு வோல்ற்றுக்கு மேல் நிற்கக்கூடும்.)

விற்றவருக்கு எடுத்தேன். முதல் நாள், "நீங்கள் பிழையாப் பாவிச்சிருப்பியள்." இரண்டாம் நாள், "லண்டன் அண்ணையைக் கேட்டுச் சொல்லுறன்." மூன்றாம் நாள் வட்ஸ்அப்பில் அவருடைய படம் காணாமல் போனது. ஒழுங்கைக்குப் போனேன், அந்த வீட்டில் வேறு குடும்பம். கடையில் பில்லோடு வாங்கியிருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்காவது அழைத்திருக்கலாம். என்னிடம் இருந்தது அவர் தந்த தேத்தண்ணியின் ஞாபகம் மட்டும்.

இதற்குப் பிறகு வெள்ளவத்தையில் ஒரு நண்பரின் ஸ்ரூடியோவில் உண்மையான ரியூப் மைக்கோடு ஒரு பின்னேரம் இருந்தேன். பெட்டியைத் தூக்கியதும் கை கீழே போனது. அரை மணி நேரம் சூடேற விட்டுத்தான் நண்பர் பதிவைத் தொடங்கினார். திருகை எட்டு வடிவத்துக்கு, அதாவது முன்னும் பின்னும் மட்டும் கேட்கும் நிலைக்குத் திருப்பிப் பக்கவாட்டில் நின்று பேசச் சொன்னார், என் குரல் ஏறக்குறைய மறைந்தே போனது. முன்னுக்கும் பின்னுக்கும் வந்தால் திரும்ப வந்தது. இந்த ஒரு சோதனையை அந்த வீட்டில் செய்திருந்தால் என் காசு என்னிடம் இருந்திருக்கும். நகத்தால் உடம்பைத் தட்டினால் ரியூப் கிண்ணென்று மெல்ல ஒலித்தது. என் மைக்கைவிட இரைச்சலும் கொஞ்சம் கூட. குரல் அழகாக இருந்ததா? இருந்தது. ஆனால் அந்த அறையும் அழகு. என் அறையில் அதே மைக் சேவலையும் அழகாகப் பதியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ரியூப் இல்லாவிட்டால் ஸ்ரூடியோ இல்லை என்று நினைக்கும் தம்பிமாருக்கு ஒன்று. 1967இல் வந்த நொய்மன் யூ 87 ட்ரான்சிஸ்ரர் மைக்தான். உலகத்தின் பெரிய ஸ்ரூடியோக்கள் இன்றைக்கும் அதைத் தேடி வாங்குகின்றன. ரீச்சரின் பாட்டை நான் பழைய என்.டி.1.ஏ.யில் திரும்பப் பதிந்தேன். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கொஞ்சம் மேலே தூக்கிச் சரித்து, பின்னால் இரண்டு மெத்தையை நிறுத்தினேன். 'ச' அடங்கிவிட்டது. செலவு, மெத்தையைத் தூக்கிய நாரிப்பிடிப்பு.

அப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் உங்கள் லப்டொப்பையும் ஹெட்போனையும் கொண்டு போங்கோ, ரிவேர்ப் ஒன்றும் போட விடாதேயுங்கோ, ஃபான்டமை நிறுத்தி வைத்துக் கேளுங்கோ. வெளிநாட்டுச் சாமான் என்றால் பெட்டியின் பின்பக்கத்தில் 115ஆ 230ஆ என்று பாருங்கோ. அமெரிக்கா, கனடாவில் இருந்து வந்ததை அப்படியே எங்கள் 230இல் செருகினால், போலி இல்லாத பெட்டியும் புகைந்துவிடும்.

விளம்பரத்தைப் பார்த்த அன்றைக்கு இரவு மருமகனின் போனில் இருந்து ஒரு செய்தி போட்டேன். 'அண்ணை, மைக் இருக்கோ? ஃபான்டம் இல்லாமல் வேலை செய்யுமோ?'

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. 'இருக்கு தம்பி. ஃபான்டமையும் போட்டு வையுங்கோ, அப்பதான் ஃபுல் சத்தம்.'