ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு கிராஸ்போ (குறுக்குவில்) ஸ்கோப் விற்கிறார்கள்: பெங்களூரில் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பிள்ளைகளைப் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சிக்கு அனுப்பத் தொடங்கியிருக்கும் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம். கடையின் பெயரைச் சொல்லவில்லை. இதே சரக்கு வேறு கடைகளிலும் கிடக்கிறது, பெயரைவிடச் சரக்கை அடையாளம் காணத் தெரிவதுதான் உங்களுக்கு உதவும்.

எங்களோடு பழகும் ஒன்பதாம் வகுப்பு மாணவிக்காக அவளுடைய அப்பா ஸ்பிரிங் ரைஃபிள், அதாவது சுருள்வில் விசையால் பெல்லட் சுடும் ஏர் ரைஃபிள் ஒன்று வாங்கப் போனார். அல்சூர்க்காரர். கடைக்காரர் ஒரு ஸ்கோப்பை, ரைஃபிளின் மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கியை, காட்டி நல்ல தமிழில் பேசினார், "அண்ணா, இந்த ஸ்கோப்பை மாட்டினா புல்ஸ்-ஐ தானா வரும்" என்றார். ரைஃபிளோடு வந்த பின் சைட்டை, அதாவது குறிபார்க்கப் பின்பக்கம் உள்ள பாகத்தை, கழற்றி மேசைக்குள் போட்டுக்கொண்டார். "ஸ்கோப் இருக்கும்போது இது எதுக்குண்ணா?" ஸ்கோப்புக்கு மட்டும் 6,500 ரூபாய். பில்லில் எழுதியது "ஆக்சசரீஸ்" என்ற ஒரே சொல்.

இருநூறு பெல்லட் போவதற்குள் குறி சிதறிவிட்டது. முதல் வாரம் ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்தன, மூன்றாம் வாரம் உள்ளங்கை அகலத்துக்குப் பரவின. ஸ்கோப்புக்குள் குறுக்குக் கோடு சாய்ந்திருந்தது. ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடித்து நிறுத்தும் மவுண்ட் 4 மில்லிமீட்டர் பின்னால் நகர்ந்திருந்தது. கடையில் கேட்டால் "பேரல் பிராப்ளம், மாத்தணும்" என்று இன்னொரு செலவைச் சொன்னார்கள்.

பேரலில் ஒரு குறையும் இல்லை. ஸ்கோப் பெட்டியில் மான் படமும் கிராஸ்போ படமும் இருந்தன. அமெரிக்காவில் குறுக்குவில் வைத்து மான் வேட்டையாடுகிறவர்களுக்குச் செய்த பொருள் அது. உள்ளே மேலிருந்து கீழாக ஐந்து கோடுகள். 20, 30, 40, 50, 60 கஜத்துக்கு ஒவ்வொன்று. நொடிக்கு 300 அடி வேகத்தில் போகும் கனமான அம்பு எவ்வளவு தாழும் என்று கணக்கிட்டுப் போட்ட கோடுகள். அரை கிராம் எடையுள்ள 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. பத்து மீட்டரில் ஒரே ஒரு கோடுதான் உதவும், மீதி நான்கும் கண்ணைக் குழப்பும். இங்கே வேட்டையே குற்றம், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 'ஹன்டிங்' என்று அச்சடித்ததைக் காட்டி விலை ஏற்றுகிறவரிடம் காகித அட்டையில் சுட வாங்குகிறோம் என்று சொல்லுங்கள்.

ஏன் உடைந்தது என்பதைப் புரிந்துகொண்டால் அடுத்த முறை ஏமாற மாட்டீர்கள். ஸ்பிரிங் ரைஃபிளில் விசையை இழுத்ததும் கனமான பிஸ்டன் முன்னால் பாயும், அதனால் துப்பாக்கி பின்னால் உதைக்கும். அடுத்த நொடித்துளியில் பிஸ்டன் காற்றுமெத்தையில் மோதி நிற்கும், அப்போது துப்பாக்கி முன்னால் வெட்டி இழுக்கும். இப்படி இரு திசையிலும் அதிர்ச்சி. சாதாரண ஸ்கோப்பில் லென்சும் குறுக்குக் கோடும் பின்னுதைப்பைத் தாங்கும்படி மட்டும் பொருத்தப்பட்டிருக்கும். முன்னோக்கிய வெட்டில் அவை தளர்ந்துவிடும். இதனால்தான் பெரிய துப்பாக்கிகளின் உதையைத் தாங்கும் ஸ்கோப்கூட சின்ன ஸ்பிரிங் ரைஃபிளில் செத்துப்போகிறது.

"எத்தனையோ பேர் வாங்கிட்டுப் போயிருக்காங்க, யாரும் குறை சொல்லலை" என்று கடைக்காரர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அழுத்தக் காற்று அடைத்த பி.சி.பி. ரைஃபிளில் உதை மிகக் குறைவு, அதில் எந்த ஸ்கோப்பும் தாங்கும். அதனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஸ்பிரிங் ரைஃபிளுக்கு ஏற்றது என்று தயாரித்த நிறுவனமே பெட்டியில் அச்சிட்டிருக்கிறதா? வாய்ச்சொல் வேண்டாம், ஒட்டிய ஸ்டிக்கரும் வேண்டாம்.

உடையாமல் இருந்திருந்தாலும் அந்த ஸ்கோப் அவளுக்கு உதவியிருக்காது. காரணம் பாரலாக்ஸ். கண் நடுவிலிருந்து சற்று விலகினாலும் குறுக்குக் கோடு இலக்கின் மேல் ஊர்ந்துபோகும். அதிகபட்சப் பிழையைக் கணக்கிடுவது எளிது. முன் லென்ஸ் விட்டத்தில் பாதியை எடுங்கள். ஸ்கோப் எந்தத் தூரத்துக்குச் சரிசெய்யப்பட்டதோ அதற்கும் உங்கள் இலக்குத் தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, சரிசெய்த தூரத்தால் வகுங்கள். அந்தப் பெட்டியில் 32 மில்லிமீட்டர் லென்ஸ், 50 கஜம் என்றிருந்தது. 50 கஜம் ஏறக்குறைய 46 மீட்டர். 16 பெருக்கல் 36 வகுத்தல் 46, சுமார் 12.5 மில்லிமீட்டர். பத்து மீட்டர் அட்டையில் பத்தாம் வளையத்தின் விட்டமே அரை மில்லிமீட்டர்தான், வளையத்துக்கு வளையம் 2.5 மில்லிமீட்டர். ஆக ரைஃபிளில் பதித்த கன்னம் நகர்ந்து கண் விலகினால் ஐந்து வளையம் வரை போகும். 100 கஜத்துக்குச் சரிசெய்த 40 மில்லிமீட்டர் ஸ்கோப்பில் ஏழு வளையம்.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். ஸ்கோப்பை ரைஃபிளில் மாட்டாமல் தனியாக எடுங்கள். ரைஃபிளைத் தெருப்பக்கம் ஒருபோதும் திருப்பாதீர்கள். மடித்த துண்டின் மேல் ஸ்கோப்பை அசையாமல் வைத்து, பத்து மீட்டருக்குள் இருக்கும் எழுத்து ஒன்றில் கோட்டை நிறுத்துங்கள். கையை எடுத்துவிட்டுக் கண்ணை மட்டும் இடமும் வலமும் நகர்த்துங்கள். கோடு எழுத்தைவிட்டு ஓடினால் அந்தத் தூரத்துக்கு அது ஆகாது. முன் லென்ஸ் வளையத்தைத் திருகித் தூரம் மாற்றக்கூடிய, 10 கஜம் வரை இறங்கக்கூடிய ஸ்கோப் என்றால் கோடு நின்ற இடத்தில் நிற்கும்.

அடுத்தது மவுண்ட். ஏர் ரைஃபிளின் மேல் உள்ள டவ்டெயில் வரிப்பள்ளம் பெரும்பாலும் 11 மில்லிமீட்டர். கிராஸ்போ ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங், அகலமான ரயிலுக்கு, சுமார் 21 மில்லிமீட்டருக்குச் செய்தது. இரண்டையும் சேர்க்க இடையில் ஓர் அடாப்டரை வைத்து இறுக்கிக் கொடுத்திருந்தார்கள், ஸ்டாப் பின் (தடுப்பு ஊசி) இல்லை. அந்த ஊசி ரைஃபிளின் மேல் உள்ள சிறு குழியில் இறங்கி நின்றால்தான் மவுண்ட் நகராது. எஸ்.பி. ரோட்டில் ஒரு வெர்னியர் அளவுகோல் வாங்கிப் பள்ளத்தின் அகலத்தை அளந்து பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். நகர்கிறது என்று ரிங் திருகை வெறிகொண்டு முறுக்கவும் கூடாது, ஸ்கோப் குழாய் நசுங்கி உள்ளே குறியைப் படிப்படியாக நகர்த்தும் கிளிக் இயங்காமல் போகும்.

கிளிக் சரியா என்பதைக் கட்டம் சுட்டுப் பாருங்கள். கால் எம்.ஓ.ஏ. (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு எம்.ஓ.ஏ.) டரட்டில், அதாவது குறியை நகர்த்தும் திருகுக் குமிழில், ஒரு கிளிக் பத்து மீட்டரில் சுமார் 0.7 மில்லிமீட்டர். ஒரே புள்ளியைக் குறிவைத்து மூன்று பெல்லட். 20 கிளிக் மேலே, மூன்று. 20 வலப்பக்கம், மூன்று. 20 கீழே, மூன்று. 20 இடப்பக்கம், மூன்று. பக்கத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் சதுரம் விழுந்து, கடைசி மூன்றும் முதல் மூன்றின் மேலேயே உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: பெல்லட் போடாமல் "சத்தம் கேளுங்க" என்று ஸ்பிரிங் ரைஃபிளை வெறுமனே சுட்டுக் காட்டும் கடையில் அந்தத் துப்பாக்கியை வாங்காதீர்கள். தடை இல்லாமல் பிஸ்டன் சுவரில் மோதி சீலும் ஸ்பிரிங்கும் கெடும்.

எங்களுக்குப் பெரிய வருத்தம் பின் சைட்டைக் கழற்றியதில்தான். அவள் வாங்கியதே போட்டிக்காக. பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் உலக அளவிலும் ஸ்கோப்புக்கு இடமில்லை, சிறு துளை வழியே பார்க்கும் பீப் சைட்தான். இங்கே தொடக்கநிலையில் லென்சோ துளையோ இல்லாத ஓப்பன் சைட், அதன்பின் பீப். ஸ்கோப்பில் பழகிய கண்ணும் கன்னமும் போட்டிக்கு உதவாது. குறி சிதறும்போது குறை பேரலிலா ஸ்கோப்பிலா என்று கண்டுபிடிக்கவும் அந்தப் பின் சைட்தான் எளிய வழி. அதை மாட்டி ஐந்து சுட்டாலே தெரிந்துவிடும்.

ஓப்பன் சைட்டில் பிழை எங்கிருந்து வருகிறது என்று சொல்லிக்கொடுங்கள். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையில் அரை மீட்டர் என்றால், 0.1 மில்லிமீட்டர் விலகல் பத்து மீட்டரில் 2 மில்லிமீட்டராகும். அதனால் பார்வை கூர்மையாக நிற்க வேண்டியது முன் சைட்டில். அட்டை மங்கலாகத் தெரியட்டும். பின் சைட்டை எந்தப் பக்கம் நகர்த்துகிறீர்களோ அந்தப் பக்கம் குண்டும் நகரும். பீப்புக்கு மாறும்போது முன் வளையத்தை மிகச் சின்னதாகப் போட்டால் கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை தெரியாது, பிள்ளை சுடாமல் தயங்கித் தயங்கிக் கை சோரும்.

ஸ்கோப் யாருக்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாற்பதைக் கடந்து, முன் சைட் கண்ணுக்கு மங்கிவிட்டவர் பொழுதுபோக்குக்கு 25 மீட்டரில் அட்டை சுடுகிறார் என்றால் அவருக்கு நல்ல ஸ்கோப் வரம்.

பில்லில் மாடல் பெயர், வரிசை எண், "ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் பயன்பாட்டுக்கு" என்ற வரி மூன்றும் இருக்கட்டும். "ஆக்சசரீஸ்" என்று மட்டும் எழுதியதால் என்ன விற்றார்கள் என்று காட்டவே நாங்கள் திண்டாடினோம். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். உடைந்த ஸ்கோப், பெட்டி, சுட்ட அட்டைகள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். அட்டையில் தேதி எழுதி வையுங்கள்.

இரண்டு முறை போய் நின்ற பிறகு பின் சைட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள், உயரம் மாற்றும் திருகு இல்லாமல். திருகை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.